எல்லார் பையையும் பாருங்கள், இல்லாவிட்டால் யார் பையையும் பார்க்க வேண்டாம்

கம்பத்தில் பிறந்து, குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் நான். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மலைக்கு ஏற குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று பாதைகள் இருக்கின்றன. விடியும் முன்னே மூன்றிலும் ஜீப்புகள் ஏறும். அவற்றில் அடைந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். என் அம்மா அப்படி ஜீப்பில் போய் வந்தவர். நான் அதே மலையில், ஏலக்காயை எடை போட்டு உலர்த்தி வைக்கும் ஒரு ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். பச்சைக்காய் எவ்வளவு வந்தது, உலர்ந்து எவ்வளவு ஆனது, யாருக்கு எத்தனை நாள் கூலி என்பதெல்லாம் என் புத்தகத்தில்தான் ஏறும்.

குடியேறியவர்கள் மீதான வெறுப்பு என்றதும் பலருக்கு லண்டனும் டொரண்டோவும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்கு பாஸ்போர்ட் தேவையில்லை. ஒரு செக்போஸ்ட்டைத் தாண்டி வேலைக்குப் போனாலே போதும். நாங்கள் இங்கே அதை வாங்கியவர்கள். இப்போது எங்களில் சிலர் அதை ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் மேல் இறக்குகிறார்கள். இரண்டையும் அருகிலிருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர்கள் நிறைய வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பெரிய போராட்டம் நடந்த இடங்கள் அவை. மலையில் தேயிலை போட்ட காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு ஆள் கூட்டி வந்துவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று அதே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். அப்படி நாலு தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்தவரைப் பார்த்தும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், "நாட்டில் போகுன்னில்லே?", சொந்த ஊருக்குப் போகவில்லையா, என்று கேட்பார். கேட்கிறவர் மனதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது. இருந்தாலும் நீ இங்கே தங்க வந்தவள், என்றைக்காவது கிளம்புகிறவள் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நான் என்ன செய்வேன் என்றால் சிரித்துக்கொண்டே, "இவிடத்தன்னே நாடு, சேட்டா", இதுதான் என் ஊர் அண்ணா, என்று சொல்லிவிட்டு, என் வீடு இருக்கும் வார்டைச் சொல்லுவேன். பேச்சு மழை, காய் விலை என்று மாறிவிடும். எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் உடம்பு தாங்காது. எதற்குப் பதில் போதும், எதற்கு எழுந்து நிற்க வேண்டும் என்று பிரித்துக்கொள்வது முதலில் பழக வேண்டிய வேலை.

வாடகை வீடு எழுந்து நிற்க வேண்டிய இடம். என் வீட்டுக்காரர் மலையாளத்தை மலையாளி மாதிரியே பேசுவார். போனில் கேட்டால் வீடு காலியாக இருக்கும். நேரில் போய் நின்றதும் யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்பார்கள். ஒருவர் மட்டும் மறைக்காமல், "தமிழர்க்கு வீடு கொடுக்கில்ல" என்றே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் குறைவு, அலைச்சலை மிச்சப்படுத்தினார். அதற்கப்புறம் போனிலேயே தமிழ்க் குடும்பம் என்று சொல்லிவிட ஆரம்பித்தோம். முன்பு குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரின் பேரையும் நம்பரையும் கையோடு கொடுத்தோம். வாடகை என்றைக்குத் தந்தோம், வீட்டை எப்படி வைத்திருந்தோம் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். கடைசியில் வீடு கிடைத்தது குடும்பஸ்ரீ மூலமாக. 1998இல் கேரள அரசு தொடங்கிய பெண்கள் குழு அமைப்பு அது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடும். ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்புக் கட்டுவோம், கடன் யாருக்கு அவசரம் என்று பேசி முடிவெடுப்போம். அங்கே பழக்கமான ஒரு சேச்சிதான் என்னோடு வந்து வீட்டுக்காரரிடம் பேசினார். எங்கள் மக்களில் பல பெண்கள் மலையாளம் சரியாக வராது என்று வெட்கப்பட்டு அயல்கூட்டத்தில் சேராமல் இருக்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். வார்டு உறுப்பினரைக் கேட்டுச் சேருங்கள். கையைக் காட்டிப் பேசினாலும் பரவாயில்லை. வாராவாரம் உங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர், நாளைக்கு உங்களைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் நம்புவதற்குத் தயங்குவார்.

ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. 2017 ஆகஸ்டில் கொல்லம் பக்கம் விபத்தில் அடிபட்ட திருநெல்வேலிக்காரத் தொழிலாளி ஒருவரை ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பல ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தார்கள். எங்கும் சேர்க்கவில்லை, ஆம்புலன்ஸிலேயே உயிர் போனது. முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்திலேயே அவர் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். வென்டிலேட்டர் இல்லை, கூட இருக்க ஆள் இல்லை என்றெல்லாம் காரணங்கள் வந்தன. கூட ஆள் இல்லாமல் வெளியூரில் வேலை செய்கிறவர் எல்லாருடைய வயிற்றிலும் அன்றைக்குப் புளி கரைந்தது. அதிலிருந்து எங்கள் பெண்களிடம் நான் விடாமல் சொல்வது இது. பர்ஸில் ஒரு சீட்டு வையுங்கள். அதில் உங்கள் பெயர், ரத்த வகை, சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அது, மலைக்கு மேலே ஒருவர் நம்பர், கீழே ஒருவர் நம்பர் எல்லாம் மலையாளத்திலும் தமிழிலும் இருக்கட்டும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், ஏன் அனுப்புகிறோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பேச்சின் தொனி மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது பைச் சோதனைக்கு வருகிறேன்.

சாயங்காலம் காய் எடை போட்டு முடிந்ததும் பெண்கள் ஜீப்புக்கு நடப்பார்கள். நான் முன்பு வேலை பார்த்த தோட்டத்து கேட்டில் ஓர் ஆள் நிற்பார். சோற்றுப் பாத்திரம், மழைக்கோட்டு, தலையில் கட்டிய துண்டு எல்லாவற்றையும் உதறிக் காட்ட வேண்டும். அம்மா காலத்தில் இடுப்பைத் தடவிப் பார்த்ததும் உண்டாம், பார்த்தவர் ஆண். அந்த நேரத்தில் அதே கேட் வழியாக மலையாளிப் பணிக்காரர்கள் பையைத் தோளில் மாட்டியபடி போய்க்கொண்டிருப்பார்கள். மழையில் அட்டைக்கடி வாங்கி, நாள் முழுக்கத் தூருக்குத் தூர் குனிந்து காய் எடுத்த பெண், வரிசையில் நின்று சேலையை உதறுவதை நான் ஜன்னல் வழியே பார்ப்பேன். திருட்டுப் பட்டத்தைத் தினமும் ஒருமுறை தலையில் வைத்து எடுப்பது போலத்தான் அது.

2018 வெள்ளத்துக்கு அப்புறம் விளைச்சல் விழுந்து விலை ஏறியது. 2019 ஆகஸ்டில், இடுக்கியில் ஏலக்காயை ஏலம் விடும் புத்தடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. விலை ஏறினால் காய்த் திருட்டும் ஏறும், முதலாளிகளின் பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டோரில் காய் குறைகிறது, தமிழ்ப் பெண்கள்தான் எடுக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். நான் புத்தகத்தை எடுத்தேன். ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் வேண்டும். அடைமழை நாளில் ஈரத்தோடு எடை போட்டால் அந்த ஈரமும் எடையில் ஏறும், உலர்ந்த பிறகு குறைவாகத் தெரியும். "குறைந்த" நாட்களைத் தேதியோடு பிரித்து எழுதினேன். பெரும்பாலும் மழை நாட்கள். காய் எடுக்கப் பெண்களே வராத ஒரு வாரத்தில், ஸ்டோருக்குள்ளேயே குறைந்த கணக்கும் ஒன்று இருந்தது.

அதை வைத்துக்கொண்டு கேட்டில் நின்று கத்தியிருந்தால் அன்றைக்கு ஆறுதலாக இருந்திருக்கும், மறுநாள் ஜீப் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். கம்பம் பக்கத்துக் கூடலூர் அக்கா ஒருவர் பெண்களின் சார்பாகப் பேச முன்வந்தார். கணக்கை நான் விளக்கினேன். எடை போடும் மலையாளிப் பெண் ஒருவரும் எங்களோடு வந்தார். அவர் வந்ததால்தான் மானேஜர் உட்கார்ந்து கேட்டார், அது உண்மை. திருட்டே நடக்கவில்லை என்று நாங்கள் வாதாடவில்லை. எல்லார் பையையும் பாருங்கள், இல்லாவிட்டால் யார் பையையும் பார்க்க வேண்டாம், பெண்ணின் பையைப் பெண்தான் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். மானேஜர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சில நாள் கழித்து ஆபீஸ்காரர்கள் உட்பட எல்லாரும் பையைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆபீஸ்காரர்கள் இரண்டு வாரம் பொறுத்தார்கள். அதற்கப்புறம் சோதனையே நின்றுபோனது. தன் பையைத் திறக்க வேண்டி வந்தபோதுதான் பலருக்கும் அதன் அவமானம் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்று உண்டு. பாண்டிகள் (தமிழர்களை இங்கே இளக்காரமாகச் சொல்லும் பெயர்) இப்படித்தான், தமிழன்மார் அப்படித்தான் என்று யாராவது கூட்டமாகச் சேர்த்துச் சொன்னால், உடனே தனியாகப் பிரித்துக் கேட்பேன். யார்? என்றைக்கு? எத்தனை கிலோ? யார் பார்த்தது? குரலை உயர்த்த மாட்டேன், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பேன். ஒரு ஆள் பெயர் வந்தால் அந்த ஆளை விசாரிக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. பெயர் வராவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

2011 டிசம்பரைச் சொல்லாமல் இந்த மலையைப் பற்றி எழுத முடியாது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிந்தது. அணை இருப்பது கேரளத்தில், தண்ணீர் தேனி, மதுரை முதல் ராமநாதபுரம் வரை பாய்கிறது. அணை உடைந்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம், தண்ணீர் போய்விடுமோ என்று எங்களுக்குப் பயம். இரண்டு பயமும் உண்மையானவை. அந்த டிசம்பரில் எல்லையில் வண்டிகள் நின்றன. தோட்டங்களில் மாட்டிக்கொண்ட தமிழ்த் தொழிலாளர்கள் காட்டுப் பாதையில் நடந்தே கீழே இறங்கினார்கள். கீழே தமிழ்நாட்டுப் பக்கம் சிலர் மலையாளிகளின் கடைகளை உடைத்தார்கள். யாரையோ அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று இரண்டு பக்கமும் மணிக்கு ஒரு வதந்தி. எங்கள் லயத்தில் கொஞ்சமாவது அமைதி இருந்ததற்குக் காரணம், ஒரு மலையாளி ஜீப் டிரைவர். ஏதாவது சேதி வந்தால் அந்த இடத்தில் இருக்கிற ஆளுக்கே போன் போட்டுக் கேட்டுச் சொல்வார். அவரிடம் கம்பத்தில் பத்துப் பேர் நம்பர் இருந்தது. சண்டை வந்த பிறகு நம்பர் வாங்க முடியாது. எல்லையோரம் வாழ்கிறவர்கள் அமைதியான காலத்திலேயே அந்தப் பக்கத்து ஆட்களின் நம்பரை வாங்கி, நடுநடுவே பேசியும் வைக்க வேண்டும்.

என் மகளின் வகுப்பில் இரண்டு பையன்கள் அவளைப் "பாண்டி" என்று கூப்பிட்டார்கள், தலையில் வைத்த எண்ணெயைக் கிண்டல் செய்தார்கள். பையன்கள் சொன்னதை விட, இந்தத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று ஆசிரியை ஒருவர் வகுப்பிலேயே சொன்னதுதான் அவளைச் சுட்டது. நான் தேதியும் சொன்ன வார்த்தையும் எழுதிக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதை மட்டுமில்லாமல் மன உளைச்சல் கொடுப்பதையும் தடுக்கிறது. அதை அச்சடித்த தாளை மேசையில் வைத்தேன். பையன்களைத் தண்டிக்க வேண்டாம், அவர்கள் வீட்டில் கேட்டதைச் சொல்கிறார்கள் என்றும் சொன்னேன். ஆசிரியை பேச்சை நிறுத்தினார், மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டில் நான் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். பள்ளியில் மலையாளத்தில் நல்ல மார்க் வாங்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும் என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

சாதிச் சான்றிதழ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே ஆத்திரம் வரும். பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாளில் முன்னோர் கேரளத்தில் வசித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். லயத்தில் பிறந்து, லயத்திலேயே செத்துப்போன தாத்தாவுக்கு ஏது பத்திரம்? பழைய எஸ்டேட் பதிவேடு, சர்ச் ஞானஸ்நானப் புத்தகம், பள்ளிச் சேர்க்கைப் பதிவு என்று கிடைத்ததையெல்லாம் இப்போதே நகல் எடுத்து வையுங்கள். தோட்டம் கைமாறும்போது பழைய பதிவேடுகள் காணாமல் போய்விடுகின்றன.

மனு எழுதுவதில் ஒரு தயக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ் பேசும் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகத்துக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். அலுவலகத்தில் மலையாளத்தில் எழுதி வாருங்கள் என்று திருப்பினால், சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் கூடவே ஒரு மலையாள நகலும் வையுங்கள். நான் இரண்டும் வைப்பேன்.

இனி எங்கள் பக்கம்.

சில வருடங்களாக ஏலத்தோட்டங்களுக்கு ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசம் என்று தூரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். எங்கள் பெண்களுக்கு வயதாகிறது, அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள், ஆள் வேண்டும். கேரள அரசு இவர்களை அதிதித் தொழிலாளிகள், அதாவது விருந்தினர் என்று குறிப்பிடுகிறது. ஜீப்பில் எங்கள் பெண்கள் பேசுவது வேறு. இந்திக்காரி குளிக்க மாட்டாள். அவனுகளை நம்பி வீட்டைத் திறந்து வைக்க முடியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இதில் ஒரு வாக்கியம்கூடப் புதுசு இல்லை. பெயரை மட்டும் மாற்றினால், எங்களைப் பற்றி நாங்கள் கேட்டு வளர்ந்தவை. லயத்தில் தண்ணீர் வருகிற நேரத்தில் அந்தக் குடும்பங்களைக் கடைசியில் நிற்க வைப்பார்கள். அப்புறம் குளிக்கவில்லை என்று சொல்வார்கள். இந்தி என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிற பெண்கள் பலர் வீட்டில் பேசுவது சாத்ரி, சந்தாலி. அவர்களில் பெரும்பாலோர் பழங்குடிகள். இந்தி அவர்களுக்கும் பள்ளிக்கூடத்தில் வந்த மொழி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லோடிங் ஆள் ஒருவரின் போன் காணாமல் போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நாலைந்து பேர் நேரே ஜார்க்கண்ட் பையன்களின் அறைக்குப் போய், சாமான்களை வெளியே எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். எனக்கு உடனே பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி ஞாபகம் வந்தது. 2018 பிப்ரவரியில் அங்கே ஒரு பழங்குடி இளைஞரை அரிசி திருடியதாகச் சொல்லிக் கட்டிவைத்து அடித்தார்கள், அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேர் குற்றவாளிகள் என்று சொன்னது. கூட்டம் கூடிய முதல் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் நடுவில் போய் நின்றிருந்தால் என்று அந்தச் சேதியைப் படித்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

போய் நின்றேன். லோடிங் தம்பியைப் பார்த்து மட்டும் பேசினேன், கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. "தம்பி, கடைசியா யார்கிட்ட பேசினே? எத்தனை மணிக்கு? அப்போ எங்கே இருந்தே?" அவர் யோசிக்க ஆரம்பித்ததும் மற்றவர்களின் கை நின்றது. காலையில் சந்தையில் பேசியிருக்கிறார், அதற்குப் பிறகு போனைப் பார்த்த ஞாபகம் இல்லை. "சரி, அந்தப் பையன்கள் இன்னிக்கு சந்தைக்கு வந்தாங்களா?" வரவில்லை, டிரையருக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தார்கள். சாமான்களை எடுத்துப் போட்டவர்களையே திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன். ஒருவர் முறைத்தார், ஆனாலும் வைத்தார். தம்பியை ஸ்டேஷனுக்கு அனுப்பி, போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்துப் புகார் எழுத வைத்தோம். அந்த எண் இருந்தால் போனை முடக்க முடியும், வேறு சிம் போட்டால் தெரியும். போன் பெட்டியில் அச்சடித்திருக்கும், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். போன் கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. யாரும் அடிபடவில்லை.

மறுநாள் ஜீப்பில் எனக்கு நல்ல பேச்சு விழுந்தது. இந்திக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்றார்கள். என் பெரியம்மா மகளே ஒரு மாதம் பேசவில்லை. நம் ஆட்களுக்குள்ளே நின்று இப்படிப் பேசுகிறவருக்கு இது நடக்கும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக நிற்காதீர்கள், இன்னும் ஒருவரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் கூடலூர் அக்காவைக் கூட வைத்துக்கொண்டேன். வயதுக்கு மரியாதை கொடுத்து அவரை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். சட்டத்தையும் லயத்தில் எடுத்துச் சொன்னோம். 2024 ஜூலை 1இலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரை மொழி, பிறந்த இடம், சாதி போன்ற காரணத்தால் கொன்றால் ஒவ்வொருவருக்கும் ஆயுள் அல்லது மரண தண்டனை வரை உண்டு. பிறந்த இடம் என்று சட்டத்திலேயே எழுதியிருப்பது நமக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் பாதுகாப்பு. இன்னொன்று, எல்லையோரத்தில் இது ரொம்பத் தேவைப்படும். சம்பவம் எந்த ஊரில் நடந்தாலும் பக்கத்தில் இருக்கிற எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மலைமேல் நடந்தது, இங்கே எடுக்க மாட்டோம் என்று கம்பத்தில் சொல்ல முடியாது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

அந்தப் பையன்கள் கம்பம் சந்தைக்கு இறங்கவே பயப்பட்டார்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் போலி வீடியோக்கள் பரவின. தமிழ்நாடு போலீஸ் அவை பொய் என்று சொன்னது, பீகார் அரசும் குழு அனுப்பிப் பார்த்தது. அதற்குள் எத்தனையோ பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறியிருந்தார்கள். 2011இல் நாங்கள் எந்தப் பயத்தில் இறங்கினோமோ அதே பயம் அவர்கள் முகத்தில் இருந்தது. நான் அவர்களை அழைத்துப் போய்ச் சந்தையில் எனக்குத் தெரிந்த காய்கறிக்கடை அண்ணனிடம் விட்டேன். இப்போது தாங்களாகவே போய் வருகிறார்கள்.

கூலி விஷயத்தில் மட்டும் எங்கள் பெண்களின் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வெளிமாநிலத்தவர் வந்தபிறகு எங்களுக்கு வேலை நாள் குறைந்தது, கூலியை ஏற்றிக் கேட்டால் ஆள் இருக்கிறது என்று சொல்லும் தைரியம் முதலாளிகளுக்கு வந்தது. வெறும் நல்லெண்ணம் பேசி இதைச் சரிக்கட்ட முடியாது. கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்குத் தெரியும். தோட்டம் ஒரு ஆளுக்குக் கொடுக்கிற தொகைக்கும் வெளிமாநிலப் பெண்ணின் கைக்குப் போகிற தொகைக்கும் நடுவில் கான்ட்ராக்டர் இருக்கிறார். பயணச் செலவு, அரிசி, அறை என்று சொல்லிப் பிடிக்கிறார். குறைந்த கூலிக்கு வேலை செய்ய அவள் ஆசைப்படவில்லை, அவளிடமிருந்து பிடுங்குகிறார்கள். இதை ஜீப்பில் சொன்னால் யாரும் நம்பவில்லை. அதனால் இரண்டு பக்கத்துப் பெண்களையும் ஒரு வேலை செய்யச் சொன்னேன். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு. தேதி, எடுத்த காய் எத்தனை கிலோ, கையில் வாங்கிய காசு எவ்வளவு. எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும், எண் எல்லாருக்கும் ஒன்றுதான். ஓய்வு நாளில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கான்ட்ராக்டர் எவ்வளவு தின்கிறார் என்று எங்கள் பெண்களே கூட்டிப் பார்த்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஜீப்பில் திட்டு விழுவது அவருக்குத்தான்.

கான்ட்ராக்டருக்கு இது தெரிந்துவிட்டது. இப்போது அந்தப் பெண்களை வேறு மூலையில் காய் எடுக்க விடுகிறார், எடைக்கும் வேறு நேரத்தில் வரவைக்கிறார். இரண்டு கூட்டமும் பேசிக்கொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கம். ஞாயிற்றுக்கிழமை சந்தையை அவரால் பிரிக்க முடியாது, அங்கே சந்திக்கிறோம். அவர்களுக்கு அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் இ-ஷ்ரம் அட்டை இருக்கிறதா, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரளம் 2017இல் கொண்டுவந்த ஆவாஸ் காப்பீட்டில் பதிந்திருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுகிறேன். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. இ-ஷ்ரம் சந்தேகங்களுக்கு 14434. ஆதாரை வாங்கி வைத்துக்கொண்டு கான்ட்ராக்டர் திருப்பித் தராவிட்டால், அதையும் எழுத்தில் புகார் செய்ய வேண்டும்.

கூலி விவரத்தை மலையாளம், தமிழ், இந்தி மூன்றிலும் கேட்டுக்குப் பக்கத்தில் பலகையில் எழுதிப் போட வேண்டும், காசு அவரவர் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்று ஒரு மனு தயாராகியிருக்கிறது. தமிழையும் மலையாளத்தையும் நான் எழுதினேன், இந்தியை ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துப் பெண் ஒருத்தி எழுதினாள். இரண்டு பக்கத்துப் பெண்களும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பெரியம்மா மகளும் போட்டிருக்கிறாள். அடுத்த காய் எடுப்பு தொடங்கும் முன் லேபர் ஆபீசில் கொடுக்கிறோம், வாங்கியதற்கு ரசீது கேட்போம்.